தொட்டித் தண்ணி

இல்ல, நீங்கதான் சிரிச்சீங்க. வேற யார் தலையிலயும் கட்டாதீங்க. என் தம்பி உள்ளங்கையை விரிச்சு உங்க முகத்துக்கு நேரா நீட்டினான். இங்க பாருங்க டாக்டரம்மா, உங்க தொட்டித் தண்ணியிலதான் கழுவினேன், புண்ணு இருந்த இடமே தெரியலன்னான். நீங்க சிரிச்சீங்க. அட, பரவாயில்லையேன்னு ஒரு வார்த்தை. அப்புறம் போனை எடுத்து அந்தக் கையை ஒரு போட்டோ. திருப்பிப் பிடிப்பா, வெளிச்சத்துல காட்டுன்னு இன்னொரு போட்டோ. வேணாம்ப்பா, அதுல கழுவாதன்னு மட்டும் உங்க வாயில இருந்து வரல. நான் பக்கத்துலதான் நின்னேன். மூட்டைக்குக் கயிறு கட்டிக்கிட்டு நின்னேன்.

கதவைச் சாத்தணும்னா சாத்திக்குங்க. எனக்கு மெதுவாப் பேச வராது. மிஷின் ஓடுற கொட்டகையில கத்திக் கத்தியே காய்ச்சுப்போன தொண்டை இது. வாசல்ல உங்க வாட்ச்மேன்கிட்டயும் இப்படித்தான் பேசினேன், சண்டைக்கு வந்திருக்கேன்னு நினைச்சு அந்தாளு விசிலைக் கையில எடுத்துட்டான். சண்டைக்கு வர்றவ தலை சீவிக்கிட்டு வருவாளா? டீ வேணாம். சரி, வைங்க, ஆறட்டும்.

வர்ற வழியில, இந்த மாடி நடையில, சுவத்துல பெருசா ஒரு படம் மாட்டியிருக்கீங்களே, அதை நின்னு நிதானமாப் பார்த்துட்டுத்தான் வந்தேன். என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது, படிச்சவங்க சமாச்சாரம். ஆனா நடுவுல இருக்கிற கை எனக்குத் தெரியும். சுண்டு விரல் வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும், பார்த்திருக்கீங்களா? சின்னதுல தள்ளுவண்டிச் சக்கரத்துல விட்டுட்டான். நான்தான் பாவாடைத் துணியைக் கிழிச்சுக் குச்சி வெச்சுக் கட்டினேன். கோணலா ஒட்டிக்கிச்சு. அந்தக் கை உங்க சுவத்துல இன்னும் நல்லாத்தான் இருக்கு. கைக்குச் சொந்தக்காரன்தான் இல்ல.

தெரியும் உங்களுக்கு. பூ அனுப்பினீங்க. பெரிய வளையமாத்தான் அனுப்பினீங்க. நீங்க வரல.

இருங்க, வாட்சைப் பார்க்காதீங்க. எதுக்கு வந்தேன்னு கேக்குறீங்க, அதானே? ஒரு பாதியை இப்பவே சொல்லிடறேன். நீங்க என்கூடக் கொட்டகைக்கு வரணும். தொட்டித் தண்ணியைத் தொடாதீங்க, புண்ணுல ஊத்தாதீங்கன்னு எங்க பொம்பளைங்க முன்னாடி நின்னு உங்க வாயால சொல்லணும். ஏன் இன்னைக்கேங்கிறது மறு பாதி. அதைக் கடைசியிலதான் சொல்லுவேன். கோவிச்சுக்காதீங்க, என் புத்தி அப்படிப் பழகிடுச்சு. எது நமக்கு அவசரமோ அதை முதல்லயே காட்டிட்டா எதிர்ல இருக்கிறவன் காலை ஆட்டிக்கிட்டு உக்காந்துடுவான். எத்தனை பேர்கிட்ட அடி வாங்கி இதைக் கத்துக்கிட்டேன் தெரியுமா?

கோழி அறுக்கிற இடத்துல எல்லாத்துக்கும் ஆள் உண்டு டாக்டரம்மா. கறிக்கு ஆள், ஈரலுக்கு ஆள், காலுக்கு ஆள், குடலை நாய்க்கு வாங்கிட்டுப் போக ஆள். இறகுக்கு மட்டும் எவனும் வரமாட்டான். ஈரத்தோட, ரத்தத்தோட, சாக்குச் சாக்கா வாசல்ல கிடக்கும். அள்ளிட்டுப் போறியான்னு கேட்டான் ஒருத்தன், நான் தள்ளுவண்டியோட போனேன். அன்னைக்கு எங்க வீட்டுல பெரியவங்கன்னு யாரும் இல்ல. நானும் தம்பியும்தான். மூட்டை மேல அவனை உக்கார வெச்சுத் தள்ளிட்டுப் போவேன். தெருவுல பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். அவன் மேல இருந்து இறகைப் பிய்ச்சு அதுங்க மேல ஊதிவிடுவான். அந்த வயசுலயே குசும்பு.

இறகு இருக்கே, அது லேசுல அழியாத ஜென்மம். எரிச்சா ஊரே வாந்தி எடுக்கும். புதைச்சா அப்படியே கிடக்கும், தோண்டினா புதைச்சவன் முகத்துல அடிச்ச மாதிரி முழுசா வெளிய வரும். ஆனா எங்க கொட்டகைக்குப் பின்னாடி பழைய பள்ளம் ஒண்ணு. அதுல மட்டும் கொட்டக் கொட்ட உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எவனோ ராத்திரியில திருடுறான்னு நினைச்சேன். சிரிங்க, இதுக்குச் சிரிக்கலாம். கோழி இறகைத் திருடுற திருடனைப் பிடிக்க நான் கட்டையோட காவல் இருந்திருக்கேன். தம்பிதான் சொன்னான், அக்கா, திருடன் மண்ணுக்குள்ள இருக்கான் போலன்னு. அவன் விளையாட்டுக்குச் சொன்னது. நீங்க ஒரு ஸ்பூனும் சின்னக் குழாயும் எடுத்துக்கிட்டு வந்து அதையே படிச்ச பேச்சுல சொன்னீங்க. இறகைத் தின்னுற பாக்டீரியா. அதுவும் சும்மா தின்னல, தின்னுட்டு மத்த கிருமி பக்கத்துல வராம இருக்க ஒரு விஷத்தை விடுது. அந்த விஷம் மனுஷனுக்கு மருந்தாகும்.

ஒரு ஸ்பூன் மண்ணுக்கு நான் உங்ககிட்டப் பேரம் பேசினேன், ஞாபகம் இருக்கா? உங்க முகம் போன போக்கு! மண்ணுக்கெல்லாமா விலைன்னு கேட்டீங்க. மண்ணைத் தேடி கார்ல வர்றீங்கன்னா அது மண்ணு இல்லம்மான்னேன். அப்படித்தான் தொட்டி வந்துச்சு. என் கொட்டகையிலயே கட்டணும், எங்க ஆளுங்களுக்குத்தான் வேலைன்னு ஒத்தைக் கால்ல நின்னு வாங்கினேன். பெரிய இரும்புத் தொட்டி, அடியில சூடு, உள்ள காத்து ஊதிக்கிட்டே கிடக்கும். மேல இறகைக் கொட்டினா ரெண்டு நாள்ல பழுப்பாக் கூழு. அடியில தங்குற கூழைக் காயவெச்சுத் தீவனத்துக்கு. மேல நிக்கிற தண்ணி கேன் கேனா உங்களுக்கு. அதுல இருந்து நீங்க மருந்தை வடிச்சுக்குவீங்க. வடிச்சது போக மிச்சத் தண்ணி அதே கேன்ல எங்களுக்கே திரும்பி வரும். எங்கிருந்து வந்துச்சோ அங்கயே விட்டுடுங்கன்னு சொன்னது உங்க ஆளு. விட்டோம். பள்ளத்துக்குப் போற வாய்க்கால்ல விட்டோம். அந்த வாய்க்கால் ஓரத்துலதான் எங்க பொம்பளைங்க கை கால் கழுவுறது. அதையும் தொட்டித் தண்ணின்னுதான் சொல்லுவாங்க.

அந்த வாசம் உங்களுக்குத் தெரியும்ல? நீங்க எப்ப வந்தாலும் கைக்குட்டையை எடுத்துருவீங்க. தீஞ்ச முடியும் நனைஞ்ச நாயும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் விடாது. இப்பவும் என் மேல வரும், அதான் ஜன்னல் பக்கமா நாற்காலியைத் தள்ளிக்கிட்டீங்க. பரவாயில்ல, தப்பா நினைக்கல. அந்த வாடையை வேற எதோடயும் போட்டுக் குழப்பிக்க முடியாது. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

அப்புறம் ஒரு நாள் தட்டு கொண்டு வந்தீங்க. கண்ணாடித் தட்டு, மூடி போட்டது. எல்லாரையும் கூப்பிட்டு நிக்கவெச்சுக் காட்டினீங்க. தட்டு முழுக்க வெள்ளையாப் படிஞ்சிருக்கே, இதெல்லாம் கிருமி. நடுவுல உங்க தொட்டித் தண்ணி ஒரு சொட்டு வெச்சேன். பாருங்க, சொட்டைச் சுத்திப் பளிச்சுன்னு ஒரு வட்டம், அதுக்குள்ள கிருமியே இல்ல. வட்டம் பெருசா இருந்தா மருந்து ஜெயிக்குதுன்னு அர்த்தம். அப்படிச் சொன்னீங்களா இல்லையா? அன்னைக்கு எங்க பொம்பளைங்க உங்களைப் பார்த்த பார்வை இருக்கே! இறகு பொறுக்குறவங்களுக்கு யாரும்மா எதையும் காட்டியிருக்கா? அன்னையில இருந்து உங்களுக்குத் தட்டு டாக்டர்னு பேரு. ஊசி போடுற டாக்டரைவிட ஒரு படி மேல வெச்சிருக்காங்க உங்களை. அதுதான் எனக்கு வினையாப் போச்சு.

இறகுக் குச்சி குத்தும். தினம் குத்தும். எங்க கை ஒண்ணு ஒண்ணும் சல்லடை. குத்தின இடம் சீழ் வைக்கும், நாலு நாள் கடுக்கும், போகும். தம்பிக்கு அப்படி ஒண்ணு வந்து போகாம நின்னுச்சு. வட்டம் பார்த்த கையோட வாய்க்கால்ல போய்க் கழுவினான். ஆறிடுச்சு. நிஜமாவே ஆறிடுச்சு, நான் பொய் சொல்லல, அதைத்தான் உங்ககிட்டக் காட்டினான். நீங்க சிரிச்சு, போட்டோவும் எடுத்துட்டுப் போனீங்களா, அதுக்கப்புறம் கேக்கணுமா? கால் வெடிப்புக்கு அந்தத் தண்ணி, பிள்ளைங்க தலைப் புண்ணுக்கு அந்தத் தண்ணி, ஒருத்தி பல்வலின்னு வாயில ஊத்திக் கொப்பளிச்சா. பாட்டில்ல பிடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. தட்டு டாக்டரே பார்த்துச் சந்தோஷப்பட்டாங்க, போட்டோ எடுத்தாங்கன்னுதான் ஒவ்வொருத்தியும் அடுத்தவகிட்டச் சொன்னா.

நீங்க தலையை ஆட்டுறீங்க. நான் அப்படிச் சொல்லவே இல்லங்கிறீங்க. சொல்லலதான். நான் எப்ப நீங்க சொன்னீங்கன்னேன்? சிரிச்சீங்கன்னேன்.

ரெண்டாவது தடவை கட்டை விரலுக்குக் கீழ குத்துச்சு. சின்னக் குத்து. இதுக்குத்தான் மருந்து வீட்டு வாசல்லயே ஓடுதேன்னு சிரிச்சுக்கிட்டே போய்க் கையை முக்கினான். கை வீங்குச்சு. திரும்ப முக்கினான். மணிக்கட்டு வரைக்கும் ஏறுச்சு. காய்ச்சல் வந்து பல்லுக் கிட்டின அப்புறம்தான் என்கிட்டக் கையைக் காட்டினான், தூக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில மாத்தி மாத்தி மருந்து ஏத்தினாங்க. ஒண்ணும் பிடிக்கல. சின்ன வயசு டாக்டர் ஒருத்தர், நல்ல பிள்ளை, தூங்காம கண்ணு செவந்து கிடந்தாரு. அவர் மேஜை மேல அதே மாதிரித் தட்டு டாக்டரம்மா. கண்ணாடித் தட்டு, மூடி போட்டது. தட்டு முழுக்க வெள்ளைப் படலம். அதுக்கு நடுவுல குட்டிக் குட்டிக் காகித வில்லை, பொட்டு மாதிரி. என் தம்பி கைச் சீழ்ல இருந்து எடுத்த கிருமி அது, ஒவ்வொரு வில்லையும் ஒரு மருந்து. யாரும் எனக்கு விளக்கிச் சொல்லல. நீங்கதான் ஏற்கெனவே சொல்லிக் குடுத்துட்டீங்களே. நான் வட்டத்தைத் தேடினேன். ஒவ்வொரு பொட்டாத் தேடினேன். ஒண்ணைச் சுத்தியும் வட்டம் இல்ல.

அந்தப் பிள்ளை கேட்டாரு, புண்ணுல வேற என்ன ஊத்தினீங்கன்னு. சொன்னேன். எழுதிக்கிட்டு இருந்தவர் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. எவ்வளவு நாளான்னாரு. மிச்சத் தண்ணியில மருந்து செத்துப் போயிருக்காது, கொஞ்சூண்டு இருக்கும், கிருமியைக் கொல்லப் பத்தாது, பழக்க மட்டும் பத்தும்னாரு. எனக்கு நல்லாவே புரிஞ்சுது. தினம் திட்டு வாங்குறவனுக்கு அப்புறம் எந்தத் திட்டும் உறைக்காதுல்ல? அந்த வாய்க்கால்ல அத்தனை கிருமியும் உங்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா நக்கி நக்கித் தோல் தடிச்சுப் போய்க் கிடக்கு. உங்க மருந்துக்கு மட்டும் இல்லையாம், அதோட சொந்தக்கார மருந்து எல்லாத்துக்கும்.

இதுல நான் தப்பா ஏதாவது சொன்னா நிறுத்துங்க. இல்லையா? சரி.

இப்ப என் தம்பி பொண்டாட்டியைப் பத்திச் சொல்லணும். வாயில்லாத பொண்ணு. நிறைமாசம் அப்ப. அவன் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டிலோட வந்தா. தொட்டித் தண்ணி. அண்ணி, இவங்க மருந்து எதுவும் கேக்கலையே, முன்னாடி இதுலதானே ஆறுச்சு, ஒரு தடவை ஊத்திப் பார்த்துடறேன்னு கெஞ்சினா. அவனும் பாதி நினைவுல, ஊத்துன்னு கையை நீட்டினான். அந்தக் கோணல் விரல் கை. நான் பாட்டிலைப் பிடுங்கி, வராண்டா கழுவுற சாக்கடையில கவுத்துட்டேன். அவ அந்தச் சாக்கடையையே பார்த்துக்கிட்டு நின்னா. மறுநாள் அவன் போயிட்டான்.

அவ என்ன நினைக்கிறான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். புருஷனைக் காப்பாத்துற மருந்தை அண்ணி கொட்டிட்டா. அதுல இருந்து என்கூடப் பேச்சு இல்ல. ஒரே வீடு, நடுவுல ஒரு சுவரு. சோத்தை வாசப்படியில வெச்சுட்டு வருவேன், தட்டு காலியாத் திரும்பும், அவ முகம் திரும்பாது.

நோட்டீஸ் ஒட்டினீங்க, தெரியும். நல்ல கெட்டிக் காகிதம். எங்க ஆளுங்கள்ல படிக்கத் தெரிஞ்சவ ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படிச்சா, கழிவுநீர்த் தொடர்பைத் தவிர்க்கவும்னு. அப்படின்னா என்னன்னு என்கிட்ட வந்து கேட்டா. அப்புறம் தொட்டிக் குழாய்க்குப் பூட்டு போட ஆள் அனுப்பினீங்க. ஐயோ, நீங்க பூட்டு போட்டிருக்கவே கூடாது! இதுநாள் வரைக்கும் சும்மா ஓடின தண்ணிக்குப் பூட்டு வந்துச்சுன்னா எங்க ஆளுங்களுக்கு ஒரே அர்த்தம்தான். விலை வந்துடுச்சு.

நானும் சொன்னேன். சொல்லாம இருப்பேனா? தொண்டை கிழியச் சொன்னேன். அது விஷம், தொடாதீங்க, என் தம்பியையே தின்னுடுச்சுன்னு கத்தினேன். கேட்டுக்கிட்டாங்க. தலையை ஆட்டிக்கிட்டாங்க. கொஞ்சம் தள்ளிப் போய் ஒருத்தி இன்னொருத்திகிட்டச் சொல்றா, அக்கா ஒரு சரக்கை மட்டமா பேசுறாங்கன்னா உள்ள தங்கம் இருக்குன்னு அர்த்தம்டீன்னு. என் காதுபடச் சொல்றா. நான் என்னன்னு மறுப்பேன்? இத்தனை வருஷமா அவங்க கண்ணு முன்னாடி நான் பண்ணினது அதைத்தானே? கோழிக் கடைக்காரன்கிட்ட நின்னு, இந்தக் குப்பையை எவன் எடுப்பான், நீ குடுத்தாக்கூட எனக்கு வேணாம்னு மூக்கைச் சுளிச்சுச் சுளிச்சுத்தானே அத்தனை இறகையும் சேர்த்தேன்? வேணாம்னு நான் சொன்னா வேணும்னு அர்த்தம். மோசம்னு நான் சொன்னா முதல் தரம்னு அர்த்தம். அதைப் பார்த்துத் தொழில் கத்துக்கிட்டவங்க அவங்க. இப்ப நிஜமாவே மோசம்னு சொல்றதுக்கு என்கிட்ட வேற வார்த்தை இல்ல டாக்டரம்மா. அழுது பார்த்தேன். நல்லா நடிக்கிறாங்க அக்கான்னாங்க.

வாய்க்காலை மண்ணு போட்டு மூடினேன். ஒரே ராத்திரியில தோண்டிட்டாங்க. தொட்டிக்கு இறகு போடுறதை நிறுத்தினேன். பாருடீ, தேவை ஏற ஏறச் சரக்கை நிறுத்திட்டாங்கன்னு, இருக்கிறதைப் பாட்டில்ல பதுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதனால நீங்க வரணும். உங்களுக்கு அந்தத் தண்ணியை விக்கவும் வேணாம், பதுக்கவும் வேணாம், அது அவங்களுக்குத் தெரியும். உங்க வார்த்தைக்குப் பின்னாடி இன்னொரு வார்த்தை இருக்காதுன்னு நம்புறாங்க. தட்டையும் கொண்டு வாங்க. அந்த வாய்க்கால் கிருமியைத் தடவி, உங்க மருந்தையே ஒரு சொட்டு வெச்சு, பாருங்க வட்டம் வரலன்னு காட்டுங்க. ஒரு நாள் முழுக்க இருந்து ஒவ்வொருத்தி பாட்டிலையும் கீழ கொட்ட வையுங்க.

முடியாதா? சரி, அரை நாள். தட்டு வேணாம், நீங்க மட்டும் வாங்க. அதுவும் முடியாதா? இங்க பாருங்க, இறங்கி வர்றேன். வண்டியில இருந்துகூட இறங்க வேணாம், கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ள உக்காந்தபடியே சொல்லிட்டுப் போங்க. கைக்குட்டை வெச்சுக்குங்க. இதுக்குக் கீழ நான் எங்கம்மா இறங்குறது?

அடுத்த வாரம் குழு அனுப்புறீங்களா? குழுவா? எங்க பொம்பளைங்களுக்குக் குழு யாரு? அவங்களுக்குத் தெரிஞ்சது உங்க முகம்.

நீங்க எதுக்குத் தயங்குறீங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. வக்கீல் சொல்லியிருப்பாரு. அங்க போகாதீங்க, போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், அந்தப் பொம்பளை பொல்லாதவ, கேஸ் போடுவான்னு. நியாயம்தான், நான் பொல்லாதவதான். கேஸ் போடத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிப் பிள்ளை சாட்சி சொல்ல வர்றேன்னிருக்காரு. உங்க சுவத்துல மாட்டின படம் ஒண்ணு போதும், நீங்க பார்த்தீங்க, பார்த்தும் நிறுத்தலன்னு காட்ட. என் கையில இருக்கிறதுலயே பெரிய சரக்கு அதுதான். அதை எடுத்து உங்க மேஜை மேல வைக்கிறேன், இந்தாங்க. கேஸ் போடமாட்டேன். என் தம்பி சாவுக்கு நீங்க காரணம்னு எந்த வாசல்லயும் நின்னு சொல்லமாட்டேன். உங்க வக்கீலையே எழுதச் சொல்லுங்க, கீழ ரேகை வைக்கிறேன். அந்தப் படமும் சுவத்துலயே இருக்கட்டும். வளர்த்த பிள்ளையோட சாவை வெச்சுப் பேரம் பேசுறாளேன்னு நினைக்காதீங்க. நினைச்சாலும் நினைச்சுக்குங்க. அவன் இருந்தா, அக்கா, கொஞ்சம் கம்மியாக் கேட்டுட்டியேன்னு என்னைக் கிண்டல் பண்ணுவான்.

எதுக்கு இவ்வளவு குடுக்கிறேன்னு யோசிக்கிறீங்க. உங்க கண்ணுல தெரியுது. இத்தனை பெரிய விலை குடுக்கிறான்னா இவளுக்கு என்னவோ அவசரம்னு. பிடிச்சுட்டீங்க. நீங்க கொட்டகைக்கு வந்திருந்தா நல்லா வியாபாரம் பண்ணியிருப்பீங்க.

குழந்தை பிறந்துடுச்சு. பொண்ணு. ஒரு வாரம்கூட ஆகல. அத்தைக்காரி நான் இன்னும் முழுசா முகம் பார்க்கல, அவ கதவைச் சாத்தியே வெச்சிருக்கா. இன்னைக்குக் காலையில சோறு வைக்கப் போனேன், தாழ் போடாம கண்ணசந்துட்டா. உள்ள போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். எவ்வளவு சின்னது தெரியுமா, ஈர இறகு ஒரு பிடி இருக்குமே, அந்தக் கனம்தான். கழுத்துல மூக்கை வெச்சேன். பிள்ளை வாசம் வரல டாக்டரம்மா. அந்த வாடை. தீஞ்ச முடி. நனைஞ்ச நாய். கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தேன், வரிசையாப் பாட்டில். புருஷன் போன மாதிரி பிள்ளையும் போயிடக் கூடாதுன்னு, தினம் அதுலதான் உடம்பு துடைக்கிறா. பிள்ளை அழல. பால் குடிச்ச மாதிரியும் தெரியல. உடம்பு கொதிக்குது. துணியை விலக்கினேன். தொப்புளைச் சுத்திச் செவப்பு. நல்லா வட்டமா.

அதுக்குள்ள முழிச்சுட்டா. பிடுங்கிக்கிட்டுத் தாழ் போட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்டின்னு கதவுல தலையை முட்டிக்கிட்டுக் கெஞ்சினேன். அங்க கூட்டிட்டுப் போய்த்தானே அவரைக் கொன்னீங்க அண்ணின்னா. கதவை உடைக்கலாம்னு கட்டையை எடுத்தேன், உள்ள இருந்து, உடைச்சீங்கன்னா பிள்ளையோட பின்வாசல் வழியாப் போயிடுவேன், அப்புறம் எங்கன்னு தேடுவீங்கன்னா. போவா. அவ கண்ணைப் பார்த்திருக்கேன், போயிடுவா. அப்புறம்தான் தலையைச் சீவிக்கிட்டு இங்க வந்தேன்.

வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா நீங்க ஆம்புலன்ஸ் நம்பரைக் கையில குடுத்து அனுப்பியிருப்பீங்க. ஆம்புலன்ஸ்காரனுக்கு அவ கதவைத் திறக்கமாட்டா. உங்களுக்குத் திறப்பா. ஆஸ்பத்திரி டாக்டர் பிள்ளைகிட்டச் சொல்லிட்டேன், ஒரு மருந்து வேற வகையாம், அதுக்கு இந்தக் கிருமி இன்னும் பழகியிருக்காதுன்னு ஒரு நம்பிக்கை, எடுத்து வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. இன்னைக்கே கொண்டு வந்தா பார்க்கலாம்னாரு. நாளைக்குன்னு அவர் சொல்லவே இல்ல.

டீ ஆறிடுச்சு பாருங்க. விடுங்க. வண்டி கீழதான் நிக்குது, இறகு வண்டி, முன் சீட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன். எழுந்திருங்க. செருப்பை அப்புறம் மாத்திக்கலாம், அப்படியே வாங்க. அவ கதவு முன்னாடி நின்னு, நான் தட்டு டாக்டர் வந்திருக்கேம்மான்னு கூப்பிடுங்க. திறப்பா. திறந்ததும், அந்தத் தண்ணி வேணாம்மா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வான்னு அவ முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

இந்தத் தடவை சிரிக்காமச் சொல்லுங்க.